மூன்றாம் அத்தியாயத்தை யார் திறப்பது

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைக் குடைய வேண்டாம். எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், ஆய்வு மாணவர்கள் சாப்பிடும் அறைக்கு வெளியே, ஒரு சுவரொட்டியின் முன்னால் பிறந்தது. அந்தச் சுவரொட்டியை எழுதியதும் நான்தான். 'நீங்கள் சொன்னீர்கள், நாங்கள் செய்தோம்' என்று மேலே கொட்டை எழுத்து. இடப்பக்கம் மாணவர்கள் சொன்னது, வலப்பக்கம் பல்கலைக்கழகம் செய்தது. மைக்ரோவேவ் அடுப்பு போதவில்லை என்றீர்கள், இன்னொன்று வாங்கினோம். மிதிவண்டி நிறுத்தும் இடத்தில் பனியை அள்ளவில்லை என்றீர்கள், அள்ளுகிறோம்.

இதுதான் என் பிழைப்பு. ஆய்வு மாணவர்களிடம் கருத்துக் கேட்பேன். கேட்டதைச் சுருக்கி டீன் கார்த்திடம் கொடுப்பேன். அவர் செய்யச் சொன்னதைச் செய்து, செய்தோம் என்று சுவரில் ஒட்டுவேன். ஒவ்வொரு அக்டோபரிலும் ஒரு கூட்டம் நடக்கும். பீட்சா வாங்கி வைப்போம், கதவைச் சாத்துவோம், 'மனம் விட்டுப் பேசுங்கள், சொன்னது வெளியே போகும், சொன்னவர் பெயர் போகாது' என்று வாக்குக் கொடுப்போம்.

டிசம்பரில் ஒரு நாள், கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒருத்தி அந்தச் சுவரொட்டியைப் படித்துக்கொண்டு நின்றாள். பரீட்சை முடிவு பார்ப்பவள் போல விரலை வைத்து வைத்துப் படித்தாள். மேலிருந்து கீழே. மறுபடி மேலிருந்து.

"கோரின், இதுல நான் சொன்னது எங்க இருக்கு?" என்றாள்.

நான் தேடினேன். எழுதியவளே தேட வேண்டியிருந்தது. அதுதான் இந்தக் கதை.

(அவளுக்கு மார்லிஸ் ஃப்ரீசன் என்று பெயர் வைக்கிறேன். உண்மைப் பெயர் இல்லை. கூட்டத்தில் கொடுத்த வாக்கு கதைக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரும் ஊரின் பெயரும் வராது. சமவெளி ஊர், ஜனவரிக் குளிரில் எஞ்சின் உறையாமலிருக்கக் காருக்கு மின்சாரம் செருகி வைக்காவிட்டால் காலையில் கிளம்பாது. இப்படிச் சொன்னால் நாட்டில் பாதி ஊர் அகப்படும், பரவாயில்லை.)

2

எப்படித் தொடங்குவது?

'பனி கொட்டிய ஒரு மாலைப்பொழுதில், உடைந்த கனவுகளுடன் மார்லிஸ்'

[விட்டுவிட்டேன். இங்கே பனி கொட்டாத மாலை எது? அவள் கனவு உடைந்ததை நான் பார்க்கவும் இல்லை. நான் பார்த்தது அவளுடைய பூட்ஸ். சாலையில் போடும் உப்பு வெள்ளை வெள்ளையாகக் காய்ந்திருந்தது.]

'உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர் கருத்தறிதல் என்பது ஓர் இருவழிப் பாதையாக'

[ஐயோ. இது போன வருட அறிக்கையின் முதல் வரி. கைப்பழக்கம்.]

சரி, உள்ளதை உள்ளபடி. மார்லிஸுக்கு முப்பத்தாறு வயது. வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். ஆய்வு [எதைப் பற்றி என்று கேட்டு நிரப்ப வேண்டும்]. ஏப்ரல் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் பதிவை மூடிவிடுவார்கள். ஆறு வருட உழைப்பு அதோடு போச்சு. மூன்றாம் அத்தியாயத்தை எழுதி, அவளும் அவளுடைய நெறியாளரும் பார்க்கும் பொதுக் கோப்புறையில் போட்டிருக்கிறாள். போன வசந்தத்திலேயே போட்டுவிட்டாள். அவர் தலையசைக்காமல் மற்ற அத்தியாயங்கள் நகராது. அவர் திறந்து பார்க்கவில்லை.

இவ்வளவுதான். இதில் கதை எழுத என்ன இருக்கிறது, படிக்கச் சொன்னால் முடிந்தது என்று தோன்றுகிறது இல்லையா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த நிம்மதி நாலாம் பகுதி வரைக்கும்தான் இருந்தது.

3

அக்டோபர் கூட்டத்தில் மார்லிஸ் சொன்னதை அப்படியே தருகிறேன். கையில் பீட்சாத் துண்டு, கடிக்கவே இல்லை.

"என் கைடு என் மூணாவது அத்தியாயத்தத் திறந்துகூடப் பாக்கல. லிஃப்ட்ல பாத்தா ஹாக்கி மேட்ச் பத்திப் பேசறாரு. எனக்கு ஹாக்கி பிடிக்காது. ஆறு வருஷமாத் தலையாட்டிக்கிட்டு இருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் எழுதிக்கொண்டேன்: 'ஒரு மாணவர், தன் நெறியாளர் அத்தியாயத்தைப் படிக்கவில்லை என்றார்.'

டீன் கார்த் நல்லவர். (கதையில் நல்லவர் என்று எழுதினால் ஏதோ பொடி வைத்திருப்பதாக நினைக்கிறீர்கள். வைக்கவில்லை.) குறிப்பைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் தூக்கினார்.

"ஒரு மாணவர்னு போட்டா யாருன்னு கண்டுபிடிச்சிருவாங்க கோரின். பாவம் அந்தப் பொண்ணு. 'சில மாணவர்கள்'னு போடுங்க."

"ஒருத்திதானே சொன்னா?"

"அவளக் காப்பாத்தத்தான் சொல்றேன். 'படிக்கவில்லை'யும் வேணாம். குத்தம் சொல்ற மாதிரி இருக்கு."

நானும் காப்பாற்றினேன். 'சில மாணவர்கள் நெறியாளரின் கருத்தைப் பெறுவதில் தாமதத்தை உணர்கிறார்கள்' என்றானது. தாமதம் என்ற சொல் துறைத்தலைவர்களுக்கு உறுத்தியது. கடைசியில் 'மாணவர்கள் நெறியாளர்களுடன் மேலும் சிறந்த உரையாடலை விரும்புகிறார்கள்' என்று நின்றது. யாருக்குத்தான் விருப்பமில்லை?

உரையாடலை விரும்புகிறவர்களுக்கு என்ன செய்வது? பயிலரங்கு நடத்துவது. 'நெறியாளரிடம் பேசுவது எப்படி' என்று ஒரு செவ்வாய்க்கிழமை வைத்தோம். அழைப்பு மார்லிஸுக்கும் போனது. பிறகு, இவ்வளவு அக்கறையாகப் பேசுகிறாளே என்று, கார்த் அவளை மாணவர் கருத்துக் குழுவில் உறுப்பினராக்கினார். மாதம் ஒரு கூட்டம், அதற்கு முன்னால் படிக்க ஒரு கட்டுக் காகிதம். அத்தியாயம் எழுத வேண்டிய பொழுதில் அவள் எங்கள் காகிதங்களைப் படித்தாள்.

ஆக, சுவரொட்டியின் முன்னால் அவள் கேட்டபோது நான் அந்த வரியைக் கண்டுபிடித்துக் காட்டினேன். 'சிறந்த உரையாடல் வேண்டும் என்றீர்கள், பயிலரங்கு நடத்தினோம்.'

"இதுவா நானு?" என்றாள். "நான் ஹாக்கின்னு சொன்னேனே?"

4

கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். நெறியாளருக்கு டுவைட் கோஸ்ட்யுக் என்று பெயரிட்டு, முதல் வரைவில் அவருக்குத் தடித்த விரல்களும் திமிரான சிரிப்பும் கொடுத்திருந்தேன். ஆளை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. சரி, நேரில் பார்த்து வில்லத்தனத்தை இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஜனவரியில் அவர் அறைக்குப் போனேன்.

அங்கேதான் என் வரைவு கவிழ்ந்தது. மனிதர் மைனஸ் முப்பதிலும் மிதிவண்டியில் வருகிறவர். புருவத்தில் உறைந்த பனியைத் துடைத்துக்கொண்டே நாற்காலியைக் காலி செய்து கொடுத்தார். விரல்கள் மெலிந்தவை. நான் யாருடைய பெயரையும் சொல்லக் கூடாது. பொதுவாகக் கேட்டேன்.

"மாணவங்க அத்தியாயம் குடுத்தா எப்பப் படிப்பீங்க?"

"படிங்கன்னு கேட்டாங்கன்னா அன்னிக்கே. கேக்கலன்னா தொட மாட்டேன்."

"ஏன்?"

"என்ன கோரின், எங்கிட்டயே கேக்கறீங்க? உங்க ஆபீஸ்தானே சொல்லுச்சு? எழுத்துல கேக்கற வரைக்கும் அத்தியாயத்தப் பத்திப் பேச்செடுக்காதீங்க, துரத்தாதீங்கன்னு."

ஆமாம், சொன்னோம்.*

"எங்கிட்ட ஒரு பொண்ணு இருக்கா," என்று அவரே தொடர்ந்தார். "நல்லா எழுதறவ. ஃபோல்டர்ல ஏதோ போட்டு வச்சிருக்கா. படிங்கன்னு ஒரு வார்த்த கேக்கல. கமிட்டி, கூட்டம்னு வேற சுத்திக்கிட்டு இருக்கா. விட்டுட்டுப் போகலாம்னு பாக்கறாளோ என்னவோ. நான் போய் நெருக்கினா கௌரவமா விலகக்கூட முடியாம ஆயிரும். அதான் பாக்கும்போதெல்லாம் அவசரமில்ல, அவசரமில்லன்னு சொல்லி வைக்கறேன். ஹாக்கி பத்திப் பேசுவேன். ஹாக்கின்னா அவளுக்கு உயிரு."

நான் வாயைத் திறந்தேன். வாக்கு ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

* இதை அடிக்குறிப்பாகப் போட நினைத்தேன், ஆனால் இங்கேயே இருக்கட்டும். சில வருடங்களுக்கு முன், பேராசிரியர்கள் 'எங்கே அத்தியாயம், எங்கே அத்தியாயம்' என்று பிடுங்கி எடுப்பதாக மாணவர்கள் சொன்னார்கள். அதனால் பேராசிரியர்களுக்கு அந்தச் சுற்றறிக்கை. அடுத்த வருடம் பேராசிரியர்களிடம் கருத்துக் கேட்டோம். வரைவைப் போட்ட மறுநாளே மாணவர்கள் நச்சரிப்பதாகச் சொன்னார்கள். அதனால் மாணவர்களுக்கு ஒரு சுற்றறிக்கை: வரைவைக் கோப்புறையில் போட்டுவிட்டுக் காத்திருங்கள், நெறியாளர் கூப்பிடுவார். இரண்டும் கேட்டதைச் செய்ததுதான். இரண்டுக்கும் நன்றிக் கடிதங்கள் வந்தன. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் ஒன்று மாணவர் கருத்து, இன்னொன்று ஆசிரியர் கருத்து. வேறு வேறு குழு.

கதையில் வில்லன் காணாமல் போய்விட்டான். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கார் நிறுத்துமிடம் வரை போனேன். செருகியிருந்ததைப் பிடுங்காமலே காரை எடுத்தேன். ஒயர் அறுந்தது.

5

சரி, அவரைப் போய்க் கேள் என்று மார்லிஸிடம் சொன்னால் முடிந்தது. அவளும் நானும் மாடி அறையில் புது மைக்ரோவேவ் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"நேராப் போய்ப் படிங்கன்னு கேளேன்."

"கேக்க மாட்டேன்."

"ஏம்மா, சுற்றறிக்கையா? அத நான் பாத்துக்கறேன்."

"சுற்றறிக்கை கெடக்குது." முள்கரண்டியால் பெரோகிக் கொழுக்கட்டையைக் குத்தினாள், தின்னவில்லை. "அவசரமில்லன்னு சொல்றாரு கோரின். ஒவ்வொரு தடவையும். ஏப்ரல் வந்துக்கிட்டு இருக்கு, அவருக்குத் தெரியாதா? அவரு படிச்சிட்டாரு. படிச்சிட்டு, தேறாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசு வராம ஹாக்கி பேசறாரு."

"திறக்கவே இல்லன்னு நீதானே அக்டோபர்ல சொன்ன?"

"கூட்டத்துல வேற என்ன சொல்ல முடியும்? படிக்கலன்னா அது அவரு தப்பு. படிச்சிருந்தா அது என் தப்பு. பீட்சா தின்னுக்கிட்டு எதச் சொல்வீங்க?"

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவள் சொன்னதைத் திரித்து எழுதினோம் என்று இதுவரை நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால், திரிக்காமல் எழுதியிருந்தாலும் அது அவள் சொல்ல வந்தது இல்லை. பயம் என்று குறிக்க எங்கள் படிவத்தில் ஒரு கட்டமும் இல்லை. நான் எதைக் கேட்டேன், அவள் எதைச் சொன்னாள், அவர் எதைச் செய்தார், மூன்றும் எனக்குக் குழம்பிவிட்டன.

"அவரு படிக்கலம்மா" என்று சொல்ல வந்தேன். அது அவர் என்னிடம் தனியாகச் சொன்னது. அந்த வாக்கியத்தையும்

[இங்கே ஒரு பத்தி இருந்தது. நான் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தேன். சொல்லவில்லை. மைக்ரோவேவ் கூவியது, எழுந்து போனேன்.]

6

இந்த நிலையில் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். இதுவரை எழுதியதைக் கொடுத்துக் கருத்துக் கேட்டேன்.

டீன் கார்த் ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். "நல்லா வந்திருக்கு கோரின். ஆனா ஒரே ஒரு பொண்ணாத் தெரியறா. நாலஞ்சு மாணவங்களக் கலந்து ஒரு ஆளாப் பண்ணிருங்களேன். முடிவுல ஏதாவது நல்ல சேதி வரட்டும். மைக்ரோவேவ் ரெண்டு ஆச்சில்ல?"

மார்லிஸ் மறுநாளே திருப்பிக் கொடுத்தாள். ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. 'பூட்ஸ் சரி.' 'நான் இப்படிச் சிரிக்கவில்லை.' 'கோஸ்ட்யுக்கைத் திட்டாதீர்கள், எனக்குச் சங்கடமாக இருக்கிறது.' (நாலாம் பகுதியில் அவர் பேசும் இடத்தை அவளிடம் கொடுத்த படியிலிருந்து எடுத்திருந்தேன். அங்கே 'இந்தப் பக்கம் எங்கே?' என்று எழுதியிருந்தாள்.) ஒவ்வொரு வரைவையும் இப்படித்தான் ஒரே நாளில் படித்துக் கொடுத்தாள். கடைசி வரைவில் இரண்டாம் பகுதியின் அடைப்புக்குறியைச் சுற்றி அழுத்தி ஒரு வட்டம் போட்டிருந்தாள். பென்சில் முனை தாளைக் கிழித்திருந்தது.

"ஆய்வு எதப் பத்தின்னு கேட்டு நிரப்பணும்னு போட்டிருக்கீங்க," என்றாள். "ஒவ்வொரு வரைவுலயும் அப்படியே இருக்கு. எப்பக் கேப்பீங்க?"

"இல்ல மார்லிஸ், கடைசியில..."

"எல்லாரும் எங்கிட்டக் கேட்டுட்டீங்க. அறை சூடா இருக்கா, நூலகம் போதுமா, கைடு எப்படி, மனசு எப்படி. ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் மார்க்குப் போடுன்னு. அந்த அத்தியாயத்துல என்ன இருக்குன்னு இந்தக் கட்டடத்துல ஒருத்தர் கேக்கல. நீங்களும் கேக்கல. நீங்க கதை வேற எழுதறீங்க!"

அவள் கத்தியதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பக்கத்து மேசையில் ஒருவன் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனான்.

"சரி, கேக்கறேன். என்ன இருக்கு?"

சொல்ல மாட்டாள் என்று நினைத்தேன். சொன்னாள். முதலில் சுள்ளென்று, போகப் போகக் கைகளை ஆட்டிக்கொண்டு. அந்தக் காலத்தில் பண்ணை வீடுகளுக்கு ஒரே தொலைபேசிக் கம்பி. பத்துப் பன்னிரண்டு வீடுகள் அதில் தொங்கும். ஒரு வீட்டுக்கு மணியடித்தால் எல்லா வீட்டிலும் சத்தமில்லாமல் எடுத்து ஒட்டுக் கேட்பார்கள். கேட்பது எல்லோருக்கும் தெரியும், கேட்டேன் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

"மூணாவது அத்தியாயம் என்னன்னா," என்று முன்னால் சாய்ந்தாள், "அப்படிக் கேட்டுட்டு என்ன பண்ணாங்கன்னு. ஒரு வீட்டுல பிரசவம் கஷ்டமாப் போச்சுன்னு டாக்டர்கிட்டப் பேசுவாங்க. ஒரு மணி நேரத்துல வாசல்ல நாலு பேரு நிப்பாங்க, கையில சூப்போட. 'சும்மா இந்தப் பக்கம் வந்தோம்'பாங்க. எப்படித் தெரியும்னு இவங்களும் கேக்க மாட்டாங்க. கேட்டத வெளியில சொல்லவும் இல்ல, கேட்டுட்டுச் சும்மா இருக்கவும் இல்ல."

அவள் வட்டம் போட்ட தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பிறகு என் எழுத்தாளப் புத்தி கேட்டது.

"இது கதைக்கு ரொம்பப் பொருத்தமா இருக்கே. ஜோடிச்ச மாதிரி இருக்கும். வேற ஏதாவது தலைப்பா மாத்திக்கட்டுமா? கோதுமை விலை மாதிரி?"

"உங்க கதைக்காக என் தீசிஸ மாத்தணுமா?" என்று சிரித்துவிட்டாள். "ரெண்டாவது கைடு நீங்கதான் போங்க."

ஆகவே மாற்றவில்லை. அடைப்புக்குறியையும் நிரப்பவில்லை, வெட்கமாக அது அங்கேயே இருக்கட்டும்.

7

முடிவுகள்.

அ) மூன்றாவதாக ஒரு சுற்றறிக்கை அனுப்புகிறோம். முதல் இரண்டும் ரத்து. அதைப் பரிசீலிக்க ஒரு குழு. குழு மே மாதம் கூடும். [மே மாதம்.]

ஆ) ஏப்ரல் கடந்துவிடுகிறது. மார்லிஸ் தன் அண்ணனின் டிராக்டர் உதிரிபாகக் கடையில் உட்காருகிறாள். கோஸ்ட்யுக் அவளுக்கு ஹாக்கி டிக்கெட் இரண்டு அனுப்பி வைக்கிறார். [இதைப் படித்துவிட்டு அவள் ஒரு நாள் என்னோடு பேசவில்லை.]

இ) லிஃப்ட் நடுவில் நின்றுவிடுகிறது. உள்ளே இருவரும். வேறு வழியில்லாமல்

[சினிமா.]

மூன்றையும் மார்லிஸ் அடித்துவிட்டாள். ஓரத்தில் ஒரே ஒரு வரி: 'எனக்குக் கேட்கப் பயமாக இருக்கிறது. ஆனால் ஒரு கதை இருக்கிறது என்று சொல்லப் பயமில்லை.'

முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விளங்கிய பிறகு நாலாம் பகுதியை முழுசாக அவளிடம் கொடுத்தேன். கதைதானே, பெயரெல்லாம் மாற்றியதுதானே? அவர் தனியாகச் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை, கோஸ்ட்யுக் என்று ஒருவர் உலகத்திலேயே இல்லை. அவள் மெதுவாகப் படித்தாள். 'ஹாக்கின்னா அவளுக்கு உயிரு' என்ற இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எழுத மாட்டேன், முன்பே ஒரு தடவை தப்பாக எழுதித் திட்டு வாங்கியிருக்கிறேன்.

"ஃபோல்டர்ல போட்டுறவா?" என்றாள்.

"போடு."

8

முடிவை வாசகர் கையில் விடுவது இந்த மாதிரிக் கதைகளின் வழக்கம். மற்றவர்கள் சாமர்த்தியத்துக்குச் செய்கிறார்கள். எனக்கு வேறு வழியில்லை. முடிவு உண்மையிலேயே ஒரு வாசகரின் கையில்தான் இருக்கிறது. மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும், இங்கிருந்து நீங்கள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கலாம்.

ஐயா, உங்கள் விரல்கள் மெலிந்தவை. இன்று காலையும் புருவத்தில் பனியோடு வந்திருப்பீர்கள். 'ஒரு கதை எழுதியிருக்கிறேன், படித்துக் கருத்துச் சொல்லுங்கள், உங்கள் மாணவி அதைக் கோப்புறையில் போட்டிருக்கிறாள்' என்று எழுத்தில் கேட்டிருந்தேன். எழுத்தில் கேட்டால் அன்றைக்கே படிப்பீர்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஆகவே இப்போது அந்தக் கோப்புறைக்குள்தான் இருக்கிறீர்கள்.

அவள் விலகிப் போக வழி பார்க்கவில்லை. உங்கள் வாயிலிருந்து வரப்போவதற்குப் பயந்துகொண்டிருக்கிறாள். அவளுக்கு ஹாக்கி பிடிக்காது. இதை மூடினால் நேர் கீழே இன்னொரு கோப்பு தெரியும், 'அத்தியாயம் 3' என்று. நன்றாக இல்லாவிட்டால் இல்லை என்றே சொல்லுங்கள், ஆனால் படித்துவிட்டுச் சொல்லுங்கள். சுற்றறிக்கைப்படி எழுத்தில் கேட்க வேண்டும் என்றால், இதோ, அவளே தட்டச்சு செய்கிறாள்:

படிங்க சார். மார்லிஸ்.

அவள் இரண்டாம் மாடியில்தான் இருக்கிறாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. நான் சூப் எடுத்துக்கொண்டு சும்மா அந்தப் பக்கம் போகிறேன். நீங்களும் வரலாம், மைக்ரோவேவ் இரண்டு இருக்கிறது.